அறுபது பக்க மௌனம்

"சாமியோட விரலப் பாத்தியா சரசு? டைப் அடிச்சு அடிச்சே தேஞ்சுபோச்சு" என்று மௌனசாமியின் வலது கையைத் தூக்கிக் காட்டினார் கோதண்டராமன். ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதெல்லாம் ஒரு பொருட்டா என்பதுபோல, பக்கத்து நாற்காலியில் இருந்த சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

செங்கம் ரோட்டில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் சரசு, தன் விரல்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பதினெட்டு வருடமாக மனுவும் பத்திரமும் அடிக்கிற விரல்கள், அப்படியேதான் இருந்தன. ஞானம் அடித்தால்தான் தேயும்போல.

அடி அண்ணாமலையில் குடில் போட்டிருக்கும் சாமி வாய் திறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். அவர் எழுதிய புத்தகம் நாளை பௌர்ணமியன்று வெளியாகிறது. அதே மேடையில் சீடர் கோதண்டராமனும் பன்னிரண்டு வருட மௌன விரதம் தொடங்குகிறார். முப்பது வருடம் கண்டக்டராக இருந்து "உள்ள போ, உள்ள போ" என்று கத்திய வாய்.

"தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். தாயில்லாத பொண்ணு. தாரை வாத்துக் குடுக்கும்போதும் வாயத் தொறக்க மாட்டீங்களாண்ணா?" என்றாள் சரசு.

"ஓவியாவும் அதையே சொல்லித்தான் அழுவுது. என்னா பண்றது, சாமி வழி பெரிய வழியாச்சே. நாளையிலருந்து பேச முடியாதுன்னுதான் இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி பேசறேன்."

கொஞ்சம்தான். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தவர், டீ குடிக்கக்கூட நிறுத்தவில்லை.

சரசு சாமியின் லேப்டாப்பைத் திறந்தாள். "என்னா பிரச்சினை, சொல்லுங்க."

"நடுவுல ஒரு எழுத்து சேத்தா, பக்கத்துல இருக்கற எழுத்த அது முழுங்கிடுது. புதுசு வந்தா பழசு போகணும்ங்கற தத்துவம் மெஷினுக்கே புரிஞ்சிடுச்சு பாரு!"

"தத்துவம் இல்லண்ணா. இன்சர்ட் பட்டன்ல கை பட்டிருக்கு." ஒரே தட்டு. எழுத்துகள் ஒன்றையொன்று தின்பதை நிறுத்தின.

"எல்லா வார்த்தைக்கும் கீழ செவப்புக் கோடு. குங்குமம் வச்ச மாதிரி இல்ல?"

"இதெல்லாம் இங்கிலீஷுன்னு நெனச்சுக்கினு, மொத்தமும் தப்புன்னு சொல்லுது." மொழியைத் தமிழாக மாற்றினாள். கோடுகள் காணாமல் போயின. கோதண்டராமனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சாமி சிலேட்டில் 'வரி அகலம்' என்று எழுதி நீட்டினார். ஒரு வரியில் மூன்றே சொற்கள், சொத்துத் தகராறில் பிரிந்த பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு மூலையில் நின்றன. அவற்றையும் இடப்பக்கம் இழுத்துச் சேர்த்துவைத்து, மறக்காமல் சேவ் செய்தாள்.

பிறகுதான் படிக்க ஆரம்பித்தாள். "ஏண்ணா, அறுபது பக்கத்துல ஒரு எடத்துலகூட முற்றுப்புள்ளி இல்லியே?"

"எப்படி இருக்கும்? கதவச் சாத்திக்கினு ஒரு மண்டலம் மூச்சு விடாம அடிச்சாரு!"

"இதப் பாருங்க. 'ஆன்மாவுக்குப் பிறப்பில்லை இறப்பில்லை ச்சீ இந்தக் கொசு வேற அது எதிலும் ஒட்டாது'."

விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலக் கோதண்டராமன் சிரித்தார். "கொசுன்னா ஆசைம்மா. ராவும் பகலும் நம்ம ரத்தத்த உறிஞ்சுதுல்ல? இதெல்லாம் சித்தர் பாஷை. ஒரு எழுத்தக்கூட மாத்திடாத."

சாமி கண்ணைத் திறக்காமலே தலையசைத்தார். கொசுவுக்கு முக்தி கிடைத்தது.

சரசு புள்ளி வைத்துக்கொண்டே போனாள். கடைசிப் பக்கம் வந்ததும் கோதண்டராமன் அவள் கையைத் தடுத்தார். "இத நான்தான் படிப்பேன். பன்னெண்டு வருசத்துக்கு இந்த வாய் படிக்கற கடைசி வரி, சாமி எழுதுனதா இருக்கட்டும்."

கண்ணாடியை மாட்டினார். திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தெருவுக்கே கேட்கும்படி படித்தார்.

"மௌனமே மகா மந்திரம் அதைக் காப்பவனே ஞானி ஐயையோ கோதண்டம் வந்துட்டான் வாய மூடணும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அதே வரியை இன்னொரு முறை பார்த்தார்.

"நான் வந்தா சாமி எதுக்கு வாய மூடணும்?" என்றார் மெதுவாக. இந்த முறை அவருக்குச் சித்தர் பாஷை எதுவும் அகப்படவில்லை.

"இது விரலால அடிச்சது இல்லண்ணா. லேப்டாப்பு முன்னால பேசுனா, காதுல விழறதை எல்லாம் அதுவே எழுதிக்கும். எது ஞானம், எது கொசுன்னு அதுக்குத் தெரியாது."

கோதண்டராமன் சாமியைப் பார்த்தார். சாமி கூரையைப் பார்த்தார். அப்புறம் கோதண்டராமன் செல்லை எடுத்தார்.

"ஓவியா, அப்பாதாம்மா. அழுவாத. நாளைக்கும் பேசுவேன். மாப்பிள்ள வீட்டுல எல்லாம் நானே பேசிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார்.

சாமி எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியைச் சரசுவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். சிலேட்டைத் தொடவில்லை. பன்னிரண்டு வருடம் சும்மா கிடந்த தொண்டை என்று யாரும் சொல்ல முடியாது. காலையில்தான் எண்ணெய் போட்டதுபோல அத்தனை வழவழப்பு.

"கடைசி வரிய மட்டும் அழிச்சிட்டு பிரிண்ட் போடும்மா."