தொட்டில் பக்கம்

அண்டார்டிகாக் கடலில் தான் புதிதாகக் கண்டுபிடித்த, நெல்மணி அளவே உள்ள இறாலுக்கு எல்சி தன் மகள் ஜூலியட்டின் பெயரை வைத்தாள். ஜெர்மனியில் கடலுயிர் ஆய்வு வேலையை முடித்துத் திருவாரூர் திரும்பியபோது, ஸ்பிரிட்டில் ஊறிய சிலவற்றை ஒரு புட்டியில் கொண்டுவந்தாள். எல்லாம் செத்தவை. ஆனால் மறுநாள் காலையில் எல்லாத் தலைகளும் ஜூலியட் தூங்கும் தொட்டில் பக்கம் திரும்பியிருந்தன. தொட்டிலை அடுத்த அறைக்கு மாற்றினாள். அவையும் அந்தப் பக்கம் திரும்பின.

“பூச்சிக்குப் போய் புள்ள பேர வைப்பாங்களா? மாத்திடு,” என்றான் கணவன் ஜோசப்ராஜ்.

“ஆராய்ச்சிப் பத்திரிகையில அச்சுல வந்துடுச்சுங்க. இனிமே யாராலயும் மாத்த முடியாது.”

ஜூலியட் தவழத் தொடங்கிய வாரம், கொல்லை வாய்க்காலுக்கு மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்தது. அன்று காலை எல்சி புட்டியைப் பார்த்தாள். எல்லாத் தலைகளும் கொல்லைப் பக்கம் திரும்பியிருந்தன.

அவள் தொட்டிலைப் பார்க்கவில்லை. நேராக வாய்க்காலுக்கு ஓடினாள்.