தம்ளரில் ஒரு கொத்து முடி

“இதைத்தான் நம்ம குழந்தைங்க குடிக்கணுமா, தம்பி?”

தெருவே மரியாதையாக ‘டான்’ என்று அழைக்கும் பெரியவர் செலெஸ்டினோ கண்ணாடித் தம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு கொத்து முடி மிதந்தது, வெள்ளை வெளேரென்று.

“தண்ணி, போன ஞாயித்துக்கிழமை உன் பிளாண்ட்டுல பிடிச்சது. முடி, அன்னிக்கே என் தலையிலேருந்து வெட்டிப் போட்டது. போடும்போது எப்படி இருந்துச்சுன்னு எல்லாரும் பாத்துக்குங்க.”

தொப்பியைக் கழற்றினார். எழுபது வயதிலும் கருகருவென்று தலை. டூசான் நகரின் தெற்குப் பக்கத்தில் அந்தத் தலைக்கு இருந்த மரியாதை மாதா கோயில் மணிக்குக்கூடக் கிடையாது.

சர்ச் கூடம் சலசலத்தது. ராமிரோ மேடையிலிருந்து கையமர்த்தினான். நிலத்தடி நீரைச் சுத்தம் செய்யும் அந்த பிளாண்ட்டின் ஆபரேட்டர் அவன்தான். இன்றைக்குத் தெருக்காரர்கள் கை தூக்கினால் நாளைக்கு அந்தத் தண்ணீர் வீட்டுக் குழாய்களுக்குப் போகும். இல்லாவிட்டால் வறண்டு கிடக்கும் ஆற்றுக்குத்தான்.

அவர்கள் பயத்தைத் தப்பு என்று சொல்லவும் அவனுக்கு மனசு வரவில்லை. ஒரு காலத்தில் விமானப் பட்டறைகள் மண்ணில் கொட்டிய ரசாயனம் கிணறுகளில் இறங்கியிருந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் அம்மா போனாள் என்று அவன் இன்றும் நம்புகிறான்.

“தண்ணியில பெராக்சைடுங்கற மருந்து கலக்கறோம், இல்லைங்கல. புற ஊதா விளக்கு வெளிச்சம் பட்டதும் அது விஷத்தை உடைச்சிடும். மிச்சம் மீதி பெராக்சைடைக் கரித்தொட்டி தின்னுடும். குழாய்க்கு வராதுங்க.”

“வராத மருந்துதான் என் முடியை வெளுத்துச்சாக்கும். பெராக்சைடு முடியை என்ன பண்ணும்னு, சலூன் வச்சிருக்காளே உங்க அக்கா, அவளைக் கேளு.”

எல்லாத் தலைகளும் பின்வரிசைக்குத் திரும்பின. ஒஃபேலியா கடித்துக்கொண்டிருந்த இனிப்பு ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். தம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“தண்ணி கொஞ்சம் கறுத்திருக்கே, டான் செலெஸ்டினோ.”

“பாத்தியா? அழுக்கு வேற.”

அவள் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. தொப்பியை எடுத்துக் காது வரை இழுத்து மாட்டிக்கொண்டார். பிறகு நேராக மேடைக்குப் போய், ராமிரோ கொண்டுவந்திருந்த ஜாடியிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றி மடமடவென்று குடித்தார்.

“நல்லாத்தான் இருக்கு. வீட்டுல எங்க நாய் முடி எதுவும் கலந்துடுச்சோ என்னவோ. வேடிக்கை பாத்தது போதும், கையைத் தூக்குங்கப்பா.”

முதல் கை அவருடையது. அப்புறம் கூடம் முழுக்கக் கைகள்.

வெளியே வந்ததும் ராமிரோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது.

“அம்மா இருந்து பாத்திருக்கணும்க்கா.”

“பாத்துக்கிட்டுதான்டா இருப்பா.”

“ஆமா, அவர் காதுல அப்படி என்னதான் சொன்னே?”

“பாவம் மனுஷன், வருஷக்கணக்கா ஆனதுல அவரே மறந்துட்டாரு. நான் ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்.”

“எதை?”

“‘போன வாரம் நான் போட்ட சாயம் சரியாப் பிடிக்கலபோல. வியாழக்கிழமை எப்பவும்போலப் பின்வாசல் வழியா வாங்க, சும்மாவே திரும்பப் போட்டுவிடறேன்’னேன்.”