அடுத்த அறையின் அலறல்

அவள் மீண்டும் அலறினாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. ஒரு நாற்காலி. ஒரு மைக். சுவரில் ஒரு சிவப்பு விளக்கு. அவள் உடம்பில் எந்த வயரும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது தெரியாது. இவள் தவறாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் வரிசையில் அடுத்த பொத்தானை அழுத்த வேண்டும்; இங்கே விளக்கு எரியும். அழுத்தினால் இவளுக்கு ஷாக் அடிக்கும் என்று பேராசிரியர் ஞானதுரை சொல்லியிருந்தார்.

ஒருவர் சொன்னார் என்பதற்காக மனிதன் எதுவரை போவான்? கல்லூரியின் உளவியல் துறையில் அதுதான் ஆராய்ச்சி.

அலறுவது அவள் வேலை.

இதுவரை வந்தவர்களில் பலர் பாதியிலேயே எழுந்து போனார்கள். ஒரு பெண் அழுதுவிட்டாள்.

இன்று வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

விளக்கு எரிந்தது. அலறினாள்.

மறுபடியும் எரிந்தது.

“வேண்டாம், விட்ருங்க. நெஞ்சு வலிக்கு.” எழுதிக்கொடுத்த வசனம்தான்.



விளக்கு எரிந்தது.

கடைசிப் பொத்தான்வரை எரிந்தது.

முடிந்ததும் ஞானதுரை அவரை உள்ளே அழைத்து வந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று காட்டி அனுப்புவது வழக்கம்.

ஆவுடையப்பன் அண்ணாச்சி.

அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். காய்ச்சலில் அவள் கிடந்தபோது, வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்து வைத்தவர்.

பாவம், என் குரல் தெரிந்திருக்காது என்று நினைத்தாள். தெரிந்தால் உடைந்துபோவார்.

“அண்ணாச்சி, நாந்தான். எல்லாம் நடிப்பு. ஷாக்கெல்லாம் கெடையாது.”

“அப்படியா? நெசம்னுல்லா நெனச்சேன்.” அவர் சிரித்தார். “ஆனா மொதச் சத்தத்துலேயே தெரிஞ்சிட்டு தாயி, நீதான்னு.”

ஞானதுரை நிமிர்ந்தார். “தெரிஞ்சுமா அழுத்துனீங்க?”

அண்ணாச்சி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“நீங்க நிறுத்தச் சொல்லலியே சார்.”



ஆவுடையப்பன் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

“ஒரே வீட்டுக்குத்தான போறோம். வண்டில ஏறிக்கோ தாயி. வெயில்ல நடக்காத.”

குரலில் அவ்வளவு கனிவு.

அவள் ஞானதுரையைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“போயிட்டு வாம்மா.”

அவள் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.