மயிலிறகுத் தக்கை

ஞாயிறுதோறும் ஏரிக்கரையில் தூண்டிலோடு தனியாக உட்கார்ந்திருக்கும் கோமளாவைத் தேடி, அன்று அவள் கணவர் தணிகாசலமே வந்துவிட்டார்.

“பொம்பள செய்ற வேலையா இது? கடையில மீனே கிடைக்கலியா? இன்னையோட விட்டுடு.”

அவள் தூண்டில் கம்பை அவர் கையில் கொடுத்தாள். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை தண்ணீரில் மெல்ல நடுங்கியதுமே அவர் வெடுக்கென்று இழுத்தார். வெறும் முள்தான் வந்தது.

“மீன் முதல்ல சும்மா தொட்டுப் பாக்கும். தக்கை முழுசா முங்கணுங்க” என்று புதுப் புழுவைக் கோத்துக் கொடுத்தாள்.

வெயில் சாய்ந்தது.

“நேரமாச்சுங்க, போலாமா?”

“ஸ்ஸ், பேசாத” என்றார், தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்தக் கரையில் அவள் ஒருநாளும் வெறுங்கையோடு உட்கார்ந்ததில்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், மண்புழு டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.