கோதுமை வேகும் நேரம்

“இன்னும் வேகலியா?”

“இன்னுங் கொஞ்ச நேரந்தானுங்க.”

பூபதி சமையலறை நிலையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். மரவள்ளிக் காட்டில் பகலெல்லாம் களை கொத்திவிட்டு வந்த உடம்பு. பசி கண்ணைக் கட்டியது. அடுப்பிலிருந்த பானையோ, யாருக்கும் எந்த அவசரமும் இல்லை என்பதுபோல மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

பானைக்குள் முழுக் கோதுமை. ரேஷனில் வாங்கியது. உடைக்காமல், அரைக்காமல், அப்படியே ஊறவைத்து வேகவைக்கிறாள் அவன் மனைவி கோகிலவாணி. ஒரு நாள் வெல்லமும் தேங்காயும் போட்டு. ஒரு நாள் வெங்காயமும் மிளகும் தாளித்து. கொஞ்ச நாளாக ராத்திரிச் சாப்பாடு இதுதான்.

“செம்மேட்டு மில்லுல குடுத்தா ஒரு நிமிசத்துல மாவாயிரும். சப்பாத்தி போட்டுட்டுப் போயிரலாம். போறதுக்குச் சோம்பேறித்தனம் உனக்கு.”

“மாவாக்கிட்டா இந்த ருசி வருங்களா?”

“சரி, குக்கர்ல வை. கேஸ் சும்மாத்தான கெடக்குது?”

“குக்கர்ல கொழஞ்சிருதுங்க. வெறகடுப்புல வெந்தாத்தான் தோலு கிழியாம, உள்ள பால் கட்டி நிக்கும்.”

எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருந்தாள். சண்டை பிடிக்கலாம் என்றால் அவள் குரலில் கோபமே இல்லை. இன்னொரு கட்டையை உள்ளே தள்ளிவிட்டுக் குனிந்து ஊதினாள்.

ஜன்னல் வழியாக மலைப் பனிமூட்டம் உள்ளே இறங்கிப் பானையின் ஆவியோடு கலந்தது. எது பனி, எது ஆவி என்று பிரிக்க முடியவில்லை. நனைந்த வைக்கோலும் காய்ச்சிய பாலும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. பூபதிக்குக் கண் சொருகியது. அடுப்பும் பானையும் அவளுமாக வீடே தரையைவிட்டுக் கிளம்பி, மேகத்தின் மேல் தெப்பம்போல மிதந்து போவதாகத் தோன்றியது.

“ஏனுங்க, சாப்பிட வாங்க.”

பல்லுக்கிடையில் ஒவ்வொரு மணியாக வெடித்தது. நன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் டீக்கடையில், கடைக்கார ருக்குமணி கேட்டுவிட்டாள். “ஏம்ப்பா பூபதி, உங்க ஊட்டுல மத்தியானமே பொகை கெளம்புது, இருட்டற வரைக்கும் நிக்க மாட்டேங்குது. தெனமும் விருந்தா?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பூபதி டம்ளரை வைத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தான்.

“ஊரே சிரிக்குது. இனிமே அந்தக் கோதுமைய எங்கண்ணுல காட்டாத. கேஸ்ல சோறு வை.”

கோகிலவாணி ஊறவைக்க எடுத்த கோதுமையை டப்பாவிலேயே திருப்பிக் கொட்டினாள்.

அன்று சாயங்காலம் அவன் கைகால் கழுவி வருவதற்குள் சோறும் ரசமும் தயாராக இருந்தன. வயிறு நிறையச் சாப்பிட்டான். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் என்றைக்கும் இல்லாமல் அறை குளிர்ந்து கிடந்தது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

அப்போது அடுப்பை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது.

அந்தப் பக்கம் தம்பி அர்த்தனாரியின் குடித்தனம். அப்பா கட்டிய மண் வீட்டைப் பங்கு பிரித்ததில், சமையலறைப் பக்கம் பூபதிக்கும் அதை ஒட்டிய அறை தம்பிக்கும் வந்தது. பிறகு, எல்லையில் நிற்கும் பலாமரத்தில் ஏறிய மிளகுக்கொடி யாருடையது என்று வந்த தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. தம்பிக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட பூபதி எட்டிப் பார்க்கவில்லை.

அழுகை ஓயவில்லை. வீறிட்டது. மூச்சு வாங்கி மறுபடி வீறிட்டது.

“என்ன இது? ஒரு நாளும் இப்பிடி அழுவாதே?”

கோகிலவாணி அணைந்து கிடந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அப்பாலிருந்து அர்த்தனாரி தன் மனைவியிடம் பேசும் குரல் கேட்டது.

“கொழந்தையச் செவுத்தோரமாப் போடாத, கலைச்செல்வி. மடியில வெச்சுக்க. இன்னிக்குச் செவுரு சில்லுன்னு கெடக்குது. அண்ணி கோதுமை வெக்கலியாட்ட இருக்குது.”

பூபதி மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

“கொறமாசக் கொழந்தைங்க,” என்றாள் அவள் மெதுவாக. “குளுரு படக்கூடாது, கதகதப்பாவே இருக்கோணும்னு நர்சம்மா சொல்லிட்டுப் போனாங்க. அவிங்களுக்கு அடுப்பு பொறவாசல்ல. ரூமுக்குள்ள நெருப்பு வெச்சாக் கொழந்தைக்குப் பொகை ஆகாது. நம்ம ஊட்டுல வந்து படுத்துக்கச் சொன்னா உங்க தம்பி உட மாட்டாரு. நீங்களும் சொல்ல மாட்டீங்க.”

அணைந்த அடுப்பின் சாம்பலைக் கிளறினாள்.

“இந்தச் செவுரு சூடேறோணும்னா எதாச்சும் ரொம்ப நேரம் வேகோணுமில்லீங்களா?”

பூபதி உள்ளங்கையைச் சுவரில் வைத்தான். கல்லாகக் குளிர்ந்திருந்தது. அந்தப் பக்கம் அழுது அழுது குழந்தைக்குக் குரல் கம்மிப்போயிருந்தது.

கம்பளியை உதறிவிட்டு எழுந்தான். பனியில் இறங்கி, கை கொள்ளும் மட்டும் விறகை அள்ளி வந்தான். அடுப்பின் முன்னால் குந்தி, தானே ஊதிப் பற்றவைத்தான்.

“கோதுமையக் கொண்டா.”

“இன்னிக்கு ஊறப்போடலீங்களே. வேக நேரமாகுமுங்க.”

பெரிய கட்டையாகப் பார்த்து உள்ளே தள்ளினான் பூபதி.

“ஆகட்டும். விடிய விடிய வேகட்டும்.”