விடுபட்ட வார்டு

மருத்துவமனையின் நான்கு வார்டுகளைப் பற்றிய தொற்று அறிக்கையில் மூன்றின் பெயர்தான் இருந்தது. தன் வார்டை வேண்டுமென்றே கழற்றிவிட்டிருக்கிறார்கள் என்று தலைமை நர்ஸுக்குச் சந்தேகம். புள்ளிவிவர அதிகாரியின் மேஜையில் தாளைப் போட்டாள்.

“எங்க மேல என்ன சார் கோபம்?”

“ஒரு வார்டை விட்டாத்தான் கணக்கே ஓடும், சிஸ்டர். மத்த மூணையும் அதோட ஒப்பிட்டுத்தான் போடுவோம்.”

“அப்போ நாங்கதான் அளவுகோலா?” அவள் முகம் மலர்ந்தது. “சரி, மூணு வார்டோட எண்ணுக்கும் முன்னாடி ஏன் மைனஸ் குறி?”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “உங்களைவிட அங்கெல்லாம் தொற்று கம்மி. உங்க பேரு கெட வேண்டாமேன்னுதான் விட்டேன்.”

அவள் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“பேரைப் போடுங்க சார். ஆறு மாசமா கேக்கிற கையுறை அப்பவாவது வரட்டும்.”