கேட்டு வாங்கிய கையெழுத்து

"ரேஸ்காரர் ஒருத்தர் மார்க்கர்ல போட்ட கையெழுத்து. மங்காம இருக்க மேல கிளியர் கோட் அடிச்சுக் கொடுங்க தம்பி" என்று பெரியவர் ஒருவர் கார் பானெட்டைப் பெயிண்டரின் முன் இறக்கிவைத்தார்.

எதை அடித்தாலும் முதலில் தின்னரால் துடைப்பது பெயிண்டரின் கைப்பழக்கம். ஒரே துடைப்பில் கையெழுத்து துணியோடு வந்துவிட்டது.

பெயிண்டருக்கு உயிரே போய்விட்டது. "ஐயா, என் கையை உடைக்கணும்! அவரு எங்க இருக்காருன்னு சொல்லுங்க. கால்ல விழுந்தாவது மறுபடி கேட்டு வாங்கிட்டு வந்துடறேன்."

"நெஜமாவே கேப்பீங்களா?"

"சத்தியமா!"

பெரியவர் சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்தார். "அன்னிக்கு என்கிட்ட ஆசையா கையெழுத்து வாங்கினவரு இந்த பானெட்டைப் பழைய இரும்புக் கடையில போட்டுட்டாரு. நான்தான் மீட்டுக்கிட்டு வந்தேன். நீங்க கேளுங்க தம்பி, போடறேன். என்கிட்ட யாராவது கேட்டு ரொம்ப வருஷமாச்சு."